சித்தப்பா போட்ட ஏற்காடு ரயில் பாதை

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் மல்லுக்கு நிற்பேன். இருந்தது. எங்கள் வீட்டுப் பின்னறையில், காபி மூட்டைகளுக்குப் பக்கத்தில், இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்ட மேடைமேல் ஓடியது. கீழே சேலம் ஜங்ஷன், மேலே ஏற்காடு, நடுவில் மலை. அந்த ரயிலுக்கு நான்தான் கார்டு. கொடி, அம்மாவின் பழைய பச்சை ரவிக்கைத் துணி. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும், பாவாடை கட்டிய கார்டு. நிஜ ரயிலைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

மாத்திரை டப்பாவில் கிழமை பார்த்து மாத்திரை எடுக்கிற நம் வயதுக்காரர்கள்தான் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். என் பேரனிடமும் ஒரு ரயில் இருக்கிறது. பட்டனைத் தட்டினால் புகை, விளக்கு, கூவல் எல்லாம் வரும். பாதை, ஸ்டேஷன், மரம் என்று எல்லாமே பெட்டியோடு வந்தன. நான் குறை சொல்லவில்லை. அவன் பள்ளிக்கூடம் போனபிறகு நானும் ஓட்டிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அந்த மரத்தில் எறும்பு ஏறுவதில்லை.

எங்கள் அப்பா எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கும் காபிக் கணக்கும் எழுதுகிற வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அதே எஸ்டேட்டில் காபிப் பழத்துக்குத் தோலுரிக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். எங்களோடுதான் இருந்தார். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. மெஷின் எண்ணெய் வாசம் அடிக்கும் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில், யார் என்ன சொன்னாலும் முதலில் "அதும் சரிதானுங்க" என்று ஒத்துக்கொண்டு பிறகு யோசிக்கும் குணம். இப்படி ஓர் ஆளை யாருக்குப் பிடிக்காமல் போகும் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

ஆனால் பெண் வீட்டார் பலருக்குப் பிடிக்கவில்லை. காரணம் ரயில். ஊருக்குள் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் வேண்டாத சாமான்களைக் கழித்துப் போட்டபோது, சித்தப்பா ஒரு சாவி கொடுக்கும் தகர ரயிலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு இஞ்சின், மேல்கூரை இல்லாத மூன்று பெட்டிகள், பெரும்பாலும் வளைந்த தண்டவாளத் துண்டுகள். சாவி தொலைந்துபோயிருந்தது. மெஷின் ஷெட்டில் அவரே ஒரு சாவி ராவி எடுத்தார். போதாத தண்டவாளத்தையும் பிஸ்கட் டின்னை வெட்டி அவரே செய்தார். "மாப்பிள்ளைப் பையன் இன்னும் பொம்மை வெச்சு வெளயாடுதாமா" என்ற பேச்சு மலையிறங்கி சேலம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பியது.

பொம்மையா அது? சுவரோடு சாய்த்து மூங்கில் பிளாச்சில் சட்டம் கட்டி, மைதாப் பசையில் ஊறிய கோணிச் சாக்கைப் போர்த்தி, செம்மண் தூவி எழுப்பிய மலை அது. காய்ந்த பீர்க்கங்காய் நாரைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கினால் காபிச் செடி. பாறையில் சுரண்டிய பாசி, புல்வெளி. பெரணி இலையின் நுனி, சில்வர் ஓக் மரம். அதில் கறுப்பு நூலைச் சுற்றினால் மிளகுக்கொடி. அம்மாவின் உடைந்த முகக்கண்ணாடிதான் ஏரி. பூ வெடிக்கும் மாதத்தில் எஸ்டேட் முழுக்க காபிப் பூ மணந்து கிடந்தபோது, சித்தப்பா ரவையை எடுத்து ஒவ்வொரு செடியிலும் பசையால் ஒட்டினார். அம்மா உப்புமாவுக்கு ரவையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி வேண்டுமே என்று குருணை அரிசியைக் கரித்தூளில் புரட்டிக் கொட்டினார். பார்க்க அசல் ஜல்லிதான். மறுநாள் காலையில் பார்த்தால் எறும்புகள் ரயில் பாதையையே தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அதை ரசித்தோம். பிறகு ஓடை மணலைச் சலித்துப் போட்டோம்.

மேலே மேகம் இறங்க வேண்டுமென்றால் நான் சாம்பிராணி போட்டு ஊதுவேன். புகை மலைச்சரிவில் அப்படியே படிந்து நிற்கும். அந்த நேரத்தில் சித்தப்பா சாவி கொடுத்து ரயிலை விடுவார். பெட்டிகளில் காபிக்கொட்டைதான் சரக்கு. சேலத்திலிருந்து கிளம்பும், முதல் வளைவில் ஏறும், இரண்டாவதில் திணறும், மூன்றாவதில் நின்று பின்னாலேயே வழுக்கிக் கவிழும். கொட்டையெல்லாம் சிதறி மேடைக்கு அடியில் ஓடும். ஒருநாளும் ஏற்காடு போய்ச் சேர்ந்ததில்லை.

ஏனென்றால் சித்தப்பா போட்டது பஸ் ரோடு. உங்களுக்கே தெரியும், எங்கள் மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. ரயில் பாதையிலும் இருபது வளைவை அப்படியே வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் தீக்குச்சிக் காலில் ஒரு போர்டு, அதில் வளைவின் எண், கீழே 'ஒலி எழுப்புக'. கீழே சமவெளியில் ரயில் போவதை அவர் பார்த்திருக்கிறார். மலை என்று வந்துவிட்டால் இப்படித்தானே ஏற முடியும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எங்களுக்கும் இல்லை. எண்ணெய் போதவில்லை என்பார், சாவி தளர்வு என்பார், ஈரக்காற்றில் தகரம் புடைத்துவிட்டது என்பார். வளைவின்மேல் மட்டும் பழி சொல்லவே மாட்டார்.

மாசி மாதத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. தூரத்துச் சொந்தம். பெண் சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், தினமும் பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர். சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் சாப்பிட்டார். "என்ன பேசினீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "அவங்க ஏறுற ரயிலுக்கு எத்தனை பெட்டின்னு கேட்டேனுங்க அண்ணி" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மனசு அங்கே போய்விட்டது என்பது மட்டும் எனக்கே தெரிந்தது.

அடுத்தது அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வர வேண்டும். பெண்ணை அழைத்துவருவது வழக்கமில்லை. ஆனால் பெண்ணின் அப்பா, துணிக்கடை வைத்திருந்தவர், "எம் பொண்ணும் வரட்டுமுங்க, இருக்கப்போற எடத்த அவளே ஒருக்கா பாத்துக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா அன்றைக்கே ரயிலுக்குச் சட்டம் போட்டார்.

"அந்தப் பொம்மை மட்டும் அவங்க கண்ணுல பட்டுச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சு. ரூம்பைச் சாத்தி வையி. ரயிலுன்னு ஒரு பேச்சு உன் வாயில வரக்கூடாது."

"அதும் சரிதானுங்க அண்ணா" என்றார் சித்தப்பா. மலைமேல் பெரிய படுக்கை விரிப்பைப் போர்த்தினார். கதவைச் சாத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் வந்தார்கள். எங்கள் மலை பஸ்ஸில் ஒரு மரியாதை உண்டு. கையில் எலுமிச்சம்பழத்தோடு ஏறுகிறவருக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும், கேள்வியே கேட்கக் கூடாது. அன்றைக்கு டீச்சர் ஜன்னலோரத்திலிருந்துதான் இறங்கினார். முகம் வெளுத்து, பட்டுப்புடவை முந்தானை நனைந்து, கையில் நசுங்கிப்போன எலுமிச்சம்பழம். அடிவாரத்தில் ஆரம்பித்த வாந்தி கடைசி வளைவு வரைக்கும் நிற்கவே இல்லையாம். அவர் அம்மா முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். துணிக்கடைக்காரரின் முகம் அதைவிட வெளுத்திருந்தது.

வாசலில் ஆரத்தி எடுக்க நின்ற அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ கண்ணு, வா வா, மூஞ்சி கழுவிக்க, செத்த நேரம் படுத்துக்க" என்று டீச்சரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். முன்னறையில் ஆண்கள். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி. ஆளில்லாமல் கட்டில் கிடந்த ஒரே இடம் பின்னறைதான். அவசரத்தில் அம்மாவுக்கு மலை ஞாபகத்துக்கு வரவே இல்லை. அப்பா எழுந்து நின்று வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்து டீச்சர் உள்ளே போயாகிவிட்டது.

உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நான் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் விலகி, சேலம் ஜங்ஷனின் தகரக் கூரையும் முதல் வளைவும் வெளியே தெரிந்தன.

"என்ன கண்ணு இது?"

"ஏற்காடு ரயிலுங்க" என்றேன். சித்தப்பாவைத்தான் ரயில் பேச்சு பேசக் கூடாது என்றார்கள், என்னை யாரும் சொல்லவில்லை. விரிப்பை முழுசாகவே விலக்கிக் காட்டினேன்.

எழுந்து வந்தார். குனிந்தார். காபிச் செடியைத் தொட்டார், ஒட்டியிருந்த ரவையைப் பார்த்தார், ஏரிக்கண்ணாடியில் தன் வெளுத்த முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். பிறகு வளைவு வளைவாக போர்டுகளைப் படித்துக்கொண்டே போனார். பதினேழாவது வளைவு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சும்மா சிரிப்பில்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர ஒரு சிரிப்பு.

"ரயிலுக்குமா கண்ணு கொண்டை ஊசி வளைவு! இப்பத்தான் இருபதையும் தாண்டி உசுரோட வந்தேன். இதுல ஏறினா ரயிலே வாந்தி எடுக்குமே!"

"எடுக்குதுங்க" என்றேன். "மூணாவது வளைவுல காபிக்கொட்டையா கொட்டுமுங்க."

அதற்கு இன்னும் சிரித்தார். மூச்சு வாங்கி நிறுத்திவிட்டு, மலையின் பக்கவாட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "உங்க சித்தப்பாகிட்ட சொல்லு. மொகத்துக்கு நேரா ஏற வேண்டாம். மலையச் சுத்திக்கிட்டு மெதுவா ஏறச் சொல்லு. முறுக்கு சுத்தற மாதிரி. ரயிலு செங்குத்தா ஏறாது, தூரம் போனா ஏறிக்கும்."

அந்தச் சிரிப்பு முன்னறைவரை கேட்டிருக்கிறது. அங்கே எல்லோருமே பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று பின்னால் அம்மா சொன்னாள். துணிக்கடைக்காரர் அவசரமாக காபி டம்ளரைக் காலி செய்தார். எங்கள் அப்பா காலண்டரைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தார். சித்தப்பா மட்டும் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை கேட்குமா என்று கதவுப் பக்கமே காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாராம். "போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் மதிய பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டார்கள். டீச்சர் கையில் புது எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பினாள் அம்மா.

அன்று சாயங்காலம் டீச்சர் சொன்னதைச் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். முறுக்கைக்கூட விடவில்லை. அவர் மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார், வைத்தார், எடுத்தார். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அசையவில்லை. பிறகு, "அதும் சரிதான்" என்றார். யோசித்த பிறகு அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வேலை ஆரம்பமானது. முதல் சிக்கல், எங்கள் மலைக்கு முதுகே கிடையாது. சுவரோடு சாய்ந்த மலை. சுற்றி வர வேண்டுமென்றால் மலையைச் சுவரிலிருந்து பிடுங்கி நடுவில் நிறுத்தி, பின்பக்கம் ஒன்று உண்டாக்க வேண்டும். இருபது வளைவையும் பெயர்த்தெடுத்தார். போர்டுகளைப் பிடுங்கும் வேலை எனக்கு. பாதி மலை எலும்புக்கூடாக நின்றபோது, இரண்டு குடும்பத்துக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர் வந்து, "வேண்டாம்னுட்டாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

காரணத்தை அப்பாவே சொன்னார். "நாந்தான் அன்னைக்கே சொன்னனே. பொம்மையப் பாத்துட்டாங்க. பொண்ணு எப்படிச் சிரிச்சுது, கேட்டீங்கல்ல? முப்பது வயசு ஆம்பளையப் பாத்து எளக்காரமாச் சிரிச்சுது." பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, "சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சொந்தக்காரங்க வருவாங்க. அதுக்குள்ள அந்த ரூம்பு காலியாகோணும். அடுப்புக்குப் போடறியோ, ஆருக்காச்சும் குடுக்கறியோ, எனக்குத் தெரியாது" என்றார்.

அது இளக்காரமான சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னேன். "பேசாம இரு சாமி" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். பெரியவர்கள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அந்த இடத்தில் இருந்து பார்த்த குழந்தையின் சாட்சி செல்லாது. நாமும் பெரியவர்களாகி அதையேதான் செய்கிறோம், அது வேறு விஷயம்.

சித்தப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் ஷெட்டிலிருந்து வந்தவர் முகம் கழுவிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போய் மூங்கிலை எடுத்தார். அம்மா வாசற்படியில் நின்று, "இன்னும் என்னத்துக்குங்க?" என்றாள்.

"வேண்டாம்னது கல்யாணத்தத்தானுங்க அண்ணி. பாதை சொன்னது சரியாத்தானே சொல்லியிருக்காங்க."

அந்தக் கோடை முழுக்க மலையின் முதுகைச் செய்தோம். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் செய்யக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மாரமங்கலம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். நான் அதுவரை ஊரின் அந்தப் பக்கம் போனதில்லை. மேட்டுக்காட்டில் சாமைத் தாள், பலாமரத்தின் அடியில் மண்ணைத் தொட்டுக்கொண்டு தொங்கும் பலாப்பழம், வாசலில் மிளகு காயும் பாய்கள். சித்தப்பா எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு வீட்டு அம்மாள், "ஏனுங்க, என்ன தொலைச்சீங்க?" என்று கேட்டு எங்களுக்கு மோர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சோற்றுப்பருக்கையை மஞ்சளில் தோய்த்து நான் பலாப்பழம் செய்தேன். பின்பக்கத்தில் மாரமங்கலம் ஒரு ஸ்டேஷன், அதற்கு மேலே வாழவந்தி ஒரு ஸ்டேஷன். இரண்டுக்கும் நடுவில் மலை சரிந்து வழி விடாத இடத்தில் ஒரு குகைப்பாதை, பழைய எண்ணெய் டின்னை வெட்டிச் செய்தது. உச்சியில் கூழாங்கல்லில் சேர்வராயன் கோயில். அத்தனை சந்தோஷமாக நான் எந்த லீவையும் கழித்ததில்லை. சித்தப்பாவும் வேலை நேரத்தில் பாட்டு முணுமுணுத்தார். பாட்டு நின்றால் அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். உடனே ஒரு மரத்தைக் கொடுத்து, "இத எங்க நடறதுங்க?" என்று கேட்பேன்.

திருவிழாவுக்குச் சாமான் வாங்க அம்மா சேலத்துக்கு இறங்கியபோது என்னையும் அழைத்துக்கொண்டாள். கடைவீதி முடிந்ததும் வேறு பஸ்ஸில் ஏறினோம். "எங்கம்மா போறோம்?" என்றேன். "பொண்ணு குடுக்கலைன்னா சொந்தம் அத்துப்போயிருமா? ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம். உங்கப்பாகிட்ட மூச்சு விடாத" என்றாள் அம்மா. டீச்சர் வீட்டில்தான் போய் நின்றோம். துணிக்கடைக்காரர் கடையில் இருந்தார். டீச்சர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ரயிலு இப்பவும் வாந்தி எடுக்குதா கண்ணு?"

"இல்லீங்க. சித்தப்பா வளைவெல்லாம் பேத்து எறிஞ்சுட்டாரு. நீங்க சொன்ன மாதிரியே மலையச் சுத்திப் பாதை போட்டுட்டாரு. மலைக்கு முதுகு செஞ்சோமுங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "நான் சொன்னதுக்காகவுங்களா?"

"வேண்டாம்னு சொல்லி அனுப்புன பொறவுதான் பாதி வேலை நடந்துச்சு கண்ணு" என்றாள் அம்மா. "எங்க ஊட்டுக்காரரு அத அடுப்புல போடச் சொல்லிட்டாரு. பொம்மையப் பாத்துத்தான் நீ வேண்டாம்னுட்டேன்னு அவருக்கு எண்ணம்."

டீச்சர் மெதுவாகச் சொன்னார், "பொம்மைய எங்கப்பாரு பாக்கவே இல்லீங்க. நான் வாந்தி எடுத்ததத்தான் பாத்தாரு. மாசத்துக்கு ஒருக்கா ஏறி எறங்குனா எம் பொண்ணு செத்தே போயிருவான்னு அவரே முடிவு பண்ணிட்டாரு." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அங்கே ஒரு அப்பா, இங்கே ஒரு அப்பா, இரண்டு பேருமே கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவில்லை.

கிளம்பும்போது டீச்சர் என்னைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய் ரயில்வே கேட்டில் நிறுத்தினார். அப்படித்தான் முதல் முதலாக நிஜ ரயிலைப் பார்த்தேன். தரை அதிர்ந்தது, காற்று பாவாடையை இழுத்தது, கரிப்புகையும் சூடான இரும்பும் கலந்த ஒரு வாசம். கடைசிப் பெட்டியில் கார்டு நின்றார். நான் கையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார். சக ஊழியர் அல்லவா.

திருவிழா அன்று காலையில் மேகம் இறங்கி வாசல் மரமே தெரியவில்லை. மேளச்சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. பின்னறை காலியாகவில்லை என்று கண்ட அப்பா, வந்திருந்த சொந்தக்காரர்களுக்குக் கேட்காதபடி பல்லைக் கடித்துக்கொண்டு சித்தப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நானே வெட்டி அடுப்புல வெக்கறேன் பாரு." அப்போதுதான் மேகத்துக்குள்ளிருந்து மூன்று பேர் நடந்து வந்தார்கள். முன்னால் துணிக்கடைக்காரர், நடுவில் அவர் மனைவி. பின்னால், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு டீச்சர்.

"சாமி கும்பிடோணும்னு ஒரே பிடிவாதமுங்க" என்றார் துணிக்கடைக்காரர், தப்பு செய்தவர் போல. "வழியெல்லாம் போன தடவையாட்டமேதான். இந்த மலை உனக்கு ஆகாது கண்ணு, வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னனல்ல?"

டீச்சர் வாசல் அண்டாவில் தண்ணீர் மொண்டு வாய் கொப்பளித்தார். முகம் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாந்தி எடுத்தது நானுங்கப்பா. வேண்டாம்னு சொன்னது நீங்க. என்னைய ஆரு கேட்டீங்க?"

எங்கள் அப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. டீச்சர் அம்மாவைப் பார்த்து, "ரயிலு எங்கீங்க?" என்றார்.

அத்தனை பேரும் பின்னறையில் நெருக்கியடித்து நின்றோம். மேகம் ஜன்னல் வழியாகவே உள்ளே வந்ததால் சாம்பிராணிக்கு வேலை இல்லை. சித்தப்பா சாவி கொடுத்து, இஞ்சினைச் சேலம் ஜங்ஷனில் வைத்தார். நான் வாயால் விசில் ஊதினேன், கொடியை ஆட்டினேன். புதுப் பாதையில் முதல் தடவையாக ரயில் கிளம்பியது. அவசரமே இல்லாமல் காபித் தோட்டத்தைச் சுற்றியது, ஏரியைத் தாண்டியது, மலையின் முதுகுப்பக்கம் திரும்பி மாரமங்கலத்தைக் கடந்து குகைப்பாதைக்குள் போனது. உள்ளே போன சத்தம் கேட்டது. பிறகு சத்தம் குறைந்தது. பிறகு சத்தமே இல்லை. வெளியே வரவில்லை.

தூரம் கூடினால் சாவி தீரும் என்பதைச் சித்தப்பா யோசிக்கவே இல்லை. "இதென்ன சகுனம்" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். துணிக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சர் சித்தப்பாவின் கையிலிருந்த சாவியை வாங்கி, வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிக்கொண்டு மேடையைச் சுற்றிப் பின்னால் போனார். குகைக்குள் முழங்கை வரை கையை விட்டார். உள்ளே கர்ர் கர்ர் என்று சாவி சுற்றும் சத்தம். கையை எடுத்தார். இஞ்சின் ஒரு ஒட்டடையைத் தலையில் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் வெளியே வந்து, வாழவந்தியில் நிற்காமல், மலையை இன்னொரு சுற்று சுற்றி, ஏற்காடு ஸ்டேஷனில் போய் நின்றது. பெட்டியிலிருந்து ஒரு காபிக்கொட்டைகூடச் சிந்தவில்லை. அம்மாதான் முதலில் கை தட்டினாள். பிறகு மேளச்சத்தம் கேட்காத அளவுக்கு அறையே தட்டியது. துணிக்கடைக்காரரும் தட்டினார். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

டீச்சர் முழங்கையில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிவிட்டு எங்கள் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நாள் பாத்துருங்க மாமா. கல்யாணம் மட்டும் இங்க மேலயே நடக்கட்டுங்க. கடைசியா ஒருக்கா ஏறி வந்தர்றேன், பொறவு எறங்கறதுக்கு என்னால ஆகாது."